ஆறடி இரண்டங்குலத்தில் பதினொரு நாள்

சகல கலாரசிகர்களுக்கும், கலாசார உத்தியோகத்தர்களுக்கும், கூட்டம் என்றதும் முன்வரிசை நாற்காலியைக் கண்ணால் தேடும் பெரியோர்களுக்கும் இத்தால் அறியத்தருவதாவது: மாத்தளைக்கு மேலே பெரியமட்டம் தோட்டத்துப் பெண்கள் தங்கள் மேடை நாடகத்தைத் திரைப்படமாக்கி முடித்த அன்று, அதில் தோட்டத் துரையாக நடித்த சுந்தரம்மா தன் சொந்த உயரத்துக்குத் திரும்பவில்லை. நாலடி பத்தங்குலம் இருக்க வேண்டியவர் ஆறடி இரண்டங்குலத்திலேயே நின்றுவிட்டார்.

அவர் வளர்ந்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அது ஆறு வருஷமாக நடப்பதுதான். பாலர் பாடசாலை டீச்சர் அனுஷியா எழுதிய ‘துரை வர்றாரு’ நாடகத்தில் ஏழு பேரும் பெண்கள். ஆண்களையும் கேட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேர் ஒத்திகைக்கு வந்து, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அதனால் கொழுந்து பறிக்கும் சுந்தரம்மாவுக்கு மீசை ஒட்டித் தொப்பி வைத்தார்கள். வைத்ததும் வளர்ந்தார். மாத்தளை டவுனில் முதல் காட்சியன்று முழுக்காற்சட்டை அரைக்காற்சட்டையாகிவிட்டது. அடுத்த காட்சிக்குத் தையல்காரி நூருன்னிஸா கால் மடிப்பில் ஒன்பதங்குலம் துணி விட்டுத் தைத்தார். விஷயம் அதோடு முடிந்தது. கடைசிக் காட்சியில் கொழுந்துப் பெண்கள் துரையைச் சூழ்ந்து, தொப்பியைக் கழற்றி, மீசையைப் பிய்த்து, காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுத்து முடிந்ததும் அவர் சொல்கிற வார்த்தையை அவருக்கே சொல்வார்கள்: “பெரட்டு கலைஞ்சிருச்சு!” கைதட்டல் அடங்குவதற்குள் சுந்தரம்மா பழைய அளவுக்கு இறங்கி வந்து கும்பிடு போடுவார். நாற்பத்தொரு மேடையிலும் இப்படித்தான். நாலந்தாவில் ஒரு பாடசாலை அதிபர் மட்டும், பரீட்சைக் காலம், பிள்ளைகளின் கவனம் சிதறும், கொஞ்சம் குறைத்து வளர முடியுமா என்று கேட்டார்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு நிறுவனத்து அதிகாரி வந்தார். மேடை மாத்தளையோடு நின்றுவிடும், சினிமா உலகத்துக்கே போகும் என்று நாற்பது நிமிஷம் பேசி, ஒரு கெமராவை இரவல் தந்துவிட்டுப் போனார். அதைப் பிடிக்க ஜெஸ்லா வந்தாள். பல்லேபொல வரைக்கும் முஸ்லிம் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தைப் படமெடுப்பவள் அவள்; சினிமா எடுப்பதைப் போனில் பார்த்துப் படித்துக்கொண்டாள். கடைசிக் காட்சியைத் துரை பங்களா முற்றத்தில் எடுக்க வேண்டும். காவல்காரர் இடம் தர ஒப்புக்கொண்டதோ நிஜத் துரை கொழும்புக்குப் போகும் ஒரே ஒரு நாளுக்குத்தான்; அது படப்பிடிப்பின் முதல் நாள்.

“முடிவ மொதல்ல எடுப்போம் டீச்சர். சினிமால எல்லாம் அப்படித்தான். பொறகு வெட்டி ஒட்டினா சரி” என்றாள் ஜெஸ்லா.

“தொடங்கவே இல்லையே புள்ள, எதைப் போயி முடிக்கிறது?” என்று அனுஷியா கேட்டுப் பார்த்தார். ஆனால் பங்களா பங்களாதானே. முதல் நாளே துரையைக் கலைத்தார்கள். அதற்குப் பிறகு ஆறு நாள் துரை மலை மலையாக அதட்டிக்கொண்டு திரிந்தார். ஏழாம் நாள் சாயங்காலம் ஜெஸ்லா “முடிஞ்சுது, எல்லாரும் ஊட்டுக்குப் போகலாம்” என்றாள். தொப்பி கழன்றது, மீசை கழன்றது. உயரம் கழலவில்லை.

சுந்தரம்மா லயத்து வரிசை வீட்டில் ஒற்றை அறையான தன் காம்பிராவுக்குள் குனிந்து நுழைந்து, மூலைக்கு மூலை படுத்து, காலை வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டார். விடியற்காலை தேத்தண்ணி கொடுத்த கணவர் இருளாண்டி வாய்தவறி “தொர” என்று கூப்பிட்டுவிட்டு, அன்று முழுக்க வெட்கப்பட்டார். பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை தொப்பியை எடுத்தார். நிஜத் துரை, முப்பது வயதுக்காரர், மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி “குட் மோர்னிங் சேர்” என்றார். ஐயா, நான் சுந்தரம்மா என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். வந்தது மேடைக் குரல்: “மூணாம் லயத்துல பன்னெண்டு காம்பிராவும் ஒழுகுது. எல்லாத்துக்கும் புதுத் தகரம். ஒடனே.” துரை பொக்கற்றிலிருந்து புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். பதினொரு வருஷமாக மனு போட்டுக் கிடைக்காத தகரம் மறுநாள் மத்தியானம் டிராக்டரில் வந்து இறங்கியது.

தேயிலைச் செடி சுந்தரம்மாவின் தொடைக்குத்தான் வந்தது. அரை நாள் குனிந்து பறித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. அதைக்கூடப் பொறுத்தார். பொறுக்க முடியாதது குரல். உயரம் இறங்காமல் நின்றுபோன எட்டாம் நாள் காலை, பெரட்டுக்கு ஐந்து நிமிஷம் பிந்தி ஓடிவந்த கர்ப்பிணிப் பெண்ணைப் பார்த்து, “ஏய், இது ஒன் அப்பன் வீட்டுத் தோட்டமா? இன்னைக்கு வேல இல்ல, போ!” என்று கத்தினார். நாடகத்தில் அப்படி வசனம் கிடையாது. அந்தப் பெண்ணோ திரும்பி நடந்தாள். சுந்தரம்மா பின்னாலேயே ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்று பின்னேரம் எல்லோரும் பாலர் பாடசாலையில் கூடினார்கள். “மொத நாளே ஒரு தொரய கலைச்சிட்டம். அதுக்குப் பொறகு வந்த தொரய யாரும் கலைக்கல்லியே. மொதல்லருந்து முழுசாப் போட்டாத்தான் எறங்குவாரு” என்று ஜெஸ்லா கண்டுபிடித்தாள். சரி, இப்பவே போடுங்க என்றார் சுந்தரம்மா. யாரும் எழும்பவில்லை. அதுவரைக்கும் ஒன்பது கூரை முடிந்திருந்தது.

“இன்னும் மூணு காம்பிராதான் அக்கா” என்றார் அனுஷியா.

“மூணுல ஒன்னு ஒங்க ஊடு. அதானே டீச்சர்?”

அனுஷியா மறைக்கவில்லை. “ஆமா அக்கா. மழை பேஞ்சா பாயச் சுருட்டிக்கிட்டு ராவெல்லாம் நிக்கிறோம். நீங்க எறங்கிட்டா அந்தத் தகரம் திரும்பிப் போயிரும்.”

சுந்தரம்மா கூரையைப் பார்த்தார்; அது அவர் தலைக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் இருந்தது. “மூணு நாளு. அதுக்கு மேல ஒரு நாள் போச்சு, பெறகு நீங்க சொன்னாலும் நான் எறங்க மாட்டேன். அந்தப் பயந்தான் எனக்கு.” துவாயை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். மூன்று நாளும் சோற்றுக்கு மட்டும் அவிழ்த்தார். லயத்தில் போய் வெறுமனே நின்றார். தகரக்காரர்கள் அவரைப் பார்த்துப் பார்த்து வேகமாக ஆணி அடித்தார்கள். துவாய்க்குப் பல்வலி காரணமாக இருக்கும் என்று நினைத்த நிஜத் துரை கராம்பு எண்ணெய் அனுப்பிவைத்தார்.

பதினோராம் நாள் பின்னேரம் பன்னிரண்டாவது கூரை முடிந்தது. ஏணியை எடுக்கும் முன்பே பெரட்டுக்களத்தில் நாடகத்தைத் தொடங்கிவிட்டார்கள். கெமரா பெட்டிக்குள் இருந்தது. ஜெஸ்லா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு எட்டாவது ஆளாக நின்றாள். தொடக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் போட்டார்கள். கடைசியில் “பெரட்டு கலைஞ்சிருச்சு!” என்று முதலில் கத்தியவள் அந்தக் கர்ப்பிணிப் பெண், அவள் நடிகையே இல்லை. முழு லயமும் கூடவே கத்தியது. சுந்தரம்மா இறங்கினார். காற்சட்டை நிலத்தில் குவிந்து கிடக்க, அதற்குள் நின்று கும்பிட்டார். இருளாண்டி சீலையோடு ஓடினார்.

படம் நாற்பத்தெட்டு நிமிஷம் வந்தது. அதைப் பார்த்த விமரிசகர் ஒருவர், பெண்களின் படைப்பு என்று சொல்லிக்கொண்டு துரை வேஷத்துக்கு மட்டும் ஓர் ஆணைப் போட்டது கொள்கைத் துரோகம் என்று இரண்டு பக்கம் எழுதினார்.

மாசக் கடைசியில் கூரைத் திறப்பு விழா நடந்தது. மூன்றாம் லயத்துச் சுவரில், தன் சொந்த முயற்சியால் இக்கூரைகளை அமைத்துத் தந்தவர் என்று நிஜத் துரையின் பெயரைப் பொறித்துப் பித்தளைப் பலகை அடித்திருந்தார்கள். ரிப்பனை அவர் வெட்டினார். கத்தரிக்கோல் தட்டை ஏந்தி நின்றவர் சுந்தரம்மா; அவர் அளவுக்குத் தட்டு தாழ்வாக இருந்ததால், துரை கத்தரிக்கோலை எடுக்கக் குனிய வேண்டியிருந்தது.