கோடுகளால் ஆன பெயர்

“அடுத்த அச்சை நான்தான் வெட்டுவேன்ப்பா. வித்திலா வேண்டாம்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சாகும்வரை சொன்னாள். எங்கள் குலத்தில் வெள்ளிக்காசு அடிக்கும் அச்சை வெட்டுவது மகன் வேலை. மகளுக்கு உலையில் துருத்தி ஊதுவது.

வித்திலா என் தம்பி. ரோமாபுரிக் காசைப் பக்கத்தில் வைத்து, கண்ணில் பட்டதை அப்படியே இரும்பில் வெட்டுவான். அடித்தால் ராஜா முகம் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். எழுத்தெல்லாம் வேலிக்குச்சி மாதிரி வெறும் கோடாக நிற்கும். அதற்கே ஊர் அவனைத் தூக்கிவைத்து ஆடியது. எனக்கு வயிறு எரிந்தது. சமாதானத்துக்குப் பிணையாக ஆற்றுக்கு அக்கரையில் ரோமாபுரிக்காரர்களின் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, அங்கே எழுத்துப் படித்துத் திரும்பியவள் நான். எங்கள் குலத்திலேயே முதல் ஆள்.

அவன் கை பழகிய கை என்றார் அப்பா.

“கை பழகி என்னப்பா? கோழி கெளறின மாதிரியில்ல இருக்கு.”

“அந்தக் கெளறலுக்குத்தான்க்கா குதிரையே குடுத்து வாங்குறாங்க,” என்றான் வித்திலா.

வழக்கு எங்கள் குலத்தலைவர் ராதமேரிடம் போனது. ஆளுக்கொரு அச்சு வெட்டுங்கள், சபையில் பார்க்கலாம் என்றார். நான் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி வெட்டினேன். அடித்த காசில் முகம் நேராக விழுந்தது, எழுத்து பளிச்சென்று இருந்தது.

தலைவர் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னுடையதையே வெகுநேரம் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தெரியாது என்றிருக்கலாம். தம்பி முகம் வெளிறியதைப் பார்த்த சந்தோஷத்தில் சபைக்கே கேட்கும்படி வாசித்தேன்: ரோமாபுரிப் பேரரசனின் பெயர், பிறகு ‘நாட்டின் தந்தை’.

“எந்த நாட்டுக்கு?”

தலைவர் என் காசைச் சபைக்குத் தூக்கிக் காட்டினார்.

“என் வெள்ளி. என் ஆளுங்க கழுத்துல தொங்கப்போறது. அதுல அவன் பேரா?” தம்பியின் காசை எடுத்துக்கொண்டார். “இது ஒண்ணும் பேசாது. இதுவே போதும்.”

சபை சிரித்தது. வித்திலா சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. பட்டறைக்கு வந்ததும் என் அருகில் உட்கார்ந்தான்.

“எழுத்த மட்டும் வெறும் கோடா போட்டுடுக்கா. அடுத்த அச்சை நீயே வெட்டு, நான் அப்பாகிட்ட சொல்றேன்.”

என் உரிமையை அவன் எனக்குப் பிச்சை போடுகிறான். அதுவும் எழுத்தை அழித்துவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் வேறொரு குலமான கீழாற்றுக் கூட்டத்தார், அக்கரைச் சந்தையில் ரோமாபுரிக் காசாகவே செல்லுபடியாகும் காசு அடிக்க, எழுத்துத் தெரிந்த கையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் பேசி முடிக்குமுன்பே மனதுக்குள் நான் அவர்களுடைய ஆளாகிவிட்டிருந்தேன். எங்கே போகிறாய் என்று அப்பா கேட்டார். திரும்பிப் பார்க்காமல் கீழாற்றுப் பக்கம் நடந்தேன்.