எத்தனை பேர்

பட்டாபிராம் பக்கம் வீடு தேடி வருகிறவர்களிடம் கலைவாணி முதலில் கேட்பது, வாடகை எவ்வளவு தருவீர்கள் என்பதல்ல. எத்தனை பேர் என்பதுதான். அதைக் கேட்காமல் வீடு காட்டக் கிளம்புகிறவன் புரோக்கரே இல்லை, ஊர் சுற்றிக் காட்டுகிறவன் என்பாள். பதில் வந்ததும் நீல அட்டை நோட்டில் ஒரு புதுப் பக்கம் திறப்பாள். யாருக்கு முட்டிவலி, யார் வீட்டில் கருவாடு பொரிப்பார்கள், எந்தப் பிள்ளைக்கு ராத்திரி ஷிப்டு, எல்லாம் அந்தப் பக்கத்தில் ஏறும். வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு சிவப்பு அட்டை நோட்டு. போர் தண்ணீர் உப்பா, கரண்ட் மீட்டர் தனியா, எந்த அம்மாவுக்கு நாய் ஆகாது, எந்த ஐயா நேரத்தோடு கேட்டைப் பூட்டுகிறவர் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பொருந்தினால்தான் ஆளைக் கூட்டிக்கொண்டு போவாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு வீட்டை முடிக்கிற தொழிலில் அவள் பொய் சொல்லாமல் காலம் தள்ளியது அந்த நோட்டுகளின் தயவால்தான்.

தை மாதம் அவள் கணவர் ஹேமநாதன் இறந்துபோனார். ஆவடியில் பாதுகாப்புத் துறை ஆலை ஒன்றில் வெல்டர். வேலைக்குக் கிளம்பி, ஒரு காலை ஷூவுக்குள் நுழைத்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். அவ்வளவுதான். வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். கலைவாணி வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அழுதுடுடி, உள்ளயே வெச்சுக்காத" என்று பக்கத்து வீட்டுக்காரி தோளைப் பிடித்து உலுக்கினாள். அவளும் முயன்று பார்த்தாள். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருப்பதே தெரியாதே, அந்த மாதிரி உடம்பு முழுவதும் இருந்தது. மாதங்கள் போயும் அது விடவில்லை. குழம்பில் உப்புப் போட மறந்தாள். மறந்தது சாப்பிடும்போதும் தெரியவில்லை.

பிள்ளை இல்லை. ஆலை குவார்ட்டர்ஸில் இருந்தது அவரும் அவளும்தான். அவர் போனதால் ஆடி பிறப்பதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். விதி அப்படி, அதில் யாரையும் நொந்துகொள்ள ஒன்றுமில்லை. "புரோக்கருக்கா வீடு கெடைக்காது? கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைவாங்களா?" என்றார்கள் அக்கம்பக்கத்தில். கலைவாணியும் அப்படித்தான் நினைத்தாள்.

ஒரு நாள் மத்தியானம் நீல நோட்டை எடுத்து, மற்ற எல்லோருக்கும் செய்கிற மாதிரியே தனக்கும் ஒரு பக்கம் திறந்தாள். பெயர் எழுதினாள். ஒரு ரூம் போதும், மாடி பரவாயில்லை, பஸ் போகிற ரோட்டிலிருந்து நடக்கிற தூரம், நல்ல தண்ணீர். எத்தனை பேர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டுச் சிவப்பு நோட்டைப் பிரித்தாள்.

அங்கேதான் வந்தது வினை. ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே அவள் கையெழுத்திலேயே இருந்தது: தனிப் பெண் வேண்டாம். பக்கத்தைத் திருப்பினால் அடுத்த வீட்டுக்காரரும் அதையேதான் சொல்லியிருந்தார். "நீ தப்பா நெனைக்காத கலைவாணி, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்று அவர்கள் சொன்னபோது அவள் தப்பாக நினைக்கவும் இல்லை. நல்ல எழுத்தில், அடிக்கோடு போட்டுக் குறித்துக்கொண்டாள். வாசல் வரை கூட்டிப்போய் அவமானப்படுத்துவதைவிட, காட்டாமலே இருப்பது மரியாதை என்பது அவள் எண்ணம்.

நிஷா என்று ஒரு நர்ஸ் பெண் வந்ததுண்டு. அம்பத்தூரில் வேலை, சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். வெள்ளானூரில் ஒரு ரூம் கிடைத்தால் போதும் என்றாள். கலைவாணி இரண்டு நோட்டையும் பார்த்துவிட்டு, உனக்கு ஏற்ற வீடு இல்லையே அம்மா என்று சொல்லிவிட்டாள். "நான் நேர்ல வந்து பேசிப் பாக்கட்டுமா அக்கா?" என்று கேட்டது அந்தப் பெண். "வேணாம்மா, மனசுதான் கஷ்டப்படும்" என்றாள் கலைவாணி. அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டு, பக்கத்தின் மேல் ஒரு கோடு இழுத்து முடித்துவிட்டாள்.

இப்போது அதே மரியாதையைத் தனக்கும் செய்துகொண்டாள். எந்த வீட்டுக்காரரையும் போய்க் கேட்காமல் இருந்தாள். நாட்கள் ஓடின. பாத்திரங்கள் மட்டும் அட்டைப் பெட்டிகளுக்குள் போயின.

ஆவடியில் புரோக்கர் வேலை பார்க்கும் சுலைமான், ஹேமநாதனுக்கும் சிநேகிதர். பார்க்க வந்தவர் பெட்டிகளைப் பார்த்தார். பிரித்துக் கிடந்த சிவப்பு நோட்டையும் பார்த்தார்.

"வெள்ளானூர் பொன்னியம்மா மாடி சும்மாதான கீது? போய்க் கேட்டியாம்மா?"

"தனிப் பெண் வேணாம்னு எழுதியிருக்கேன் பாய்."

"நீ எழுதிக்கினது சரி. அவங்க இன்னா சொன்னாங்க?"

"அவங்க சொல்லித்தான எழுதினேன்."

"அந்த நோட்ட மூடு. வண்டியில ஏறு" என்றார் சுலைமான்.

நோட்டில் இருப்பது பொய்யில்லை என்று அவருக்குக் காட்டிவிட்டு வந்தால் போதும் என்றுதான் கலைவாணி ஏறினாள். வேறு நம்பிக்கை எதுவும் அவளிடம் இல்லை. இல்லை என்ற வருத்தமும் இல்லை.

பொன்னியம்மா ஒரு காலத்தில் அந்த வெள்ளானூரிலேயே நாற்று நட்டவள். இரண்டு மகன்களும் கம்பெனி வேலைக்குப் போய்க் கட்டிய வீடு அது. மாடியில் ஒரே ஒரு ரூமும் சமையல்கட்டும். குடும்பத்துக்குப் பத்தாது, கல்யாணமாகாத பையன்களுக்கு அவள் கொடுக்க மாட்டாள். அதனால் எப்போதும் காலியாகவே கிடக்கும். வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

"வா கலைவாணி. ஊட்டுக்காரர் விசயம் கேள்விப்பட்டேன். வரணும் வரணும்னே இருந்தேன், காலு முடியல." பின்னால் எட்டிப் பார்த்தாள். "பார்ட்டி எங்க? நீங்க ரெண்டு பேரு மட்டும் வந்துகினு கீறீங்க?"

"பார்ட்டி நான்தாம்மா" என்றாள் கலைவாணி. வேறு யாருக்காகவோ பேசுகிற குரலில்தான் சொன்னாள். "குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். நான் தனி. நீங்க தனிப் பொம்பளைக்குத் தர மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். பாய் கேக்கல, கூட்டிட்டு வந்துட்டாரு. வரோம்."

"நில்லு. நா எங்க அப்டி சொன்னேன்?"

"சொன்னீங்கம்மா. எழுதி வெச்சிருக்கேன்."

பொன்னியம்மா கீரையை முறத்தில் போட்டுவிட்டு யோசித்தாள். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"அடிப்பாவி, அது எம்மாங்காலத்துப் பேச்சு. அப்ப எம் பெரிய புள்ள பொண்டாட்டியாண்ட சண்ட போட்டுகினு இங்க வந்து கெடந்தான். மேல ஒரு வயசுப் பொண்ணு தனியா இருந்தா நாளைக்கு ஒரு பேச்சு வரும்னு சொன்னேன். அவன் சமாதானமாயி பொண்டாட்டியோட திருநின்றவூர்ல கீறான், புள்ளகூட ஸ்கூலுக்குப் போவுது. அப்பறம் நீ எங்க வந்து கேட்ட? ஒரு நர்ஸ் பொண்ணு கெடச்சாகூட நல்லாருக்கும், சுகர் பாக்க தோதா இருக்கும்னு மருமவளாண்ட சொல்லிக்கினே கீறேன். நீ ஆளே அனுப்பல."

வீடு கிடைக்கப்போகிறது என்பது கலைவாணிக்கு உறைக்கவில்லை. நேரில் வந்து பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டுக்கொண்டு, துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்து நின்ற நிஷாதான் கண்முன் வந்தாள். வெட்கமாக இருந்தது. மரத்துக் கிடந்த இத்தனை மாதங்களில் அவளுக்கு ஏதோ ஒன்று தெரிந்தது அப்போதுதான். மாடிக்குத் தண்ணீர் எத்தனை வேளை ஏறும் என்பது வரைக்கும் எழுதி வைத்தவள், ஒரு தடவை சொன்னதை மறு தடவை போய்க் கேட்கவே இல்லை.

"தர்றீங்களாம்மா?" என்று சுலைமான்தான் கேட்டார்.

"இதுல இன்னா கேள்வி? மேல வாங்க."

படி செங்குத்தாக இருந்தது. ரூமைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த வீட்டு வாசனை வந்தது. பொன்னியம்மா முந்தானையால் சமையல் மேடையைத் துடைத்தாள், குழாயைத் திருகிக் காட்டினாள். கலைவாணி பழக்கத்தில் கையை நீட்டி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர். ஜன்னல் கிழக்கே. ஷூ ஸ்டாண்டு கதவுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

பொன்னியம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். அவளைக் கொஞ்சம் சிரிக்கவைக்கலாம் என்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, புரோக்கர் தோரணையில் கேட்டாள்.

"எப்பவும் நீதான கேப்ப. இன்னிக்கி நா கேக்குறேன். சொல்லு, எத்தினி பேரு?"

"ரெண்டு பேர்" என்றாள் கலைவாணி.

யோசித்துச் சொன்னதல்ல. கேட்டவுடன் வாயில் வந்தது. இருபத்திரண்டு வருடமாக ரேஷன் கடையிலும் கேஸ்காரனிடமும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் சொன்ன பதில். சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. சுலைமான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொன்னியம்மா திருத்தவில்லை. "ரெண்டு பேருக்குத் தாராளமா போதும் கண்ணு" என்றாள்.

கலைவாணி மேடையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பழைய சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, தையிலிருந்து அழாத அழுகையை அழுதாள். அவர் இல்லை, இனி எந்த வீட்டிலும் இருக்க மாட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு வலித்தது. பொன்னியம்மா சாவியை மேடைமேல் வைத்தாள். திறந்திருந்த குழாயை மூடினாள். சுலைமானுக்குக் கை காட்டி, அவரை அழைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.