மெஹ்னாஸின் கைபேசி எண்

ராசையாவின் விரல் ஏழாவது தடவையும் கருவியில் பதியவில்லை. முப்பது வருடம் வலை இழுத்த விரலில் ரேகை எங்கிருந்து வரும்? மெஹ்னாஸ் ஈரத்துணியால் அவருடைய கட்டைவிரலை அழுத்தித் துடைத்து, சும்மா வையுங்கள், அமுக்காதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தாள். எட்டாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது. அவருக்குப் பின்னால் முகத்துவாரக்குப்பத்து ஜனம் வாசலைத் தாண்டித் தெருவரை நின்றிருந்தது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி நாலு நாளாகியிருந்தது. படகு கரையேறிவிட்டால் நிவாரணம்தான் சோறு. அதற்கு இந்த வருடம் கணினியில் பதிய வேண்டும் என்று உத்தரவு.

அடுத்தது கைபேசி எண். அந்த எண்ணுக்கு வரும் ஆறு இலக்கத்தைத் தட்டினால்தான் விண்ணப்பம் நகரும்.

"போனு கடல்ல வுயுந்து ரெண்டு மாசமாவுது. உன் நம்பரையே போட்டுக்க பாப்பா," என்றார் ராசையா.

மெஹ்னாஸ் தன் எண்ணைப் போட்டாள். அப்படிச் செய்யக் கூடாது என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதை ஒட்டியவளும் அவள்தான். ஆனால் எண் இல்லாத ஆளைத் திருப்பியனுப்பினால், மறுநாள் அதே ஆள் அதே வரிசையில் அதேபோல எண் இல்லாமல்தான் வந்து நிற்பார். எண்ணூர்ப் பக்கத்து இ-சேவை மையத்தில் ஒன்பது வருடமாக ஒப்பந்தத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு இது தெரியாததல்ல. முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்று, ரேஷன் அட்டை என்று எத்தனையோ பேருடைய காரியம் அவளுடைய ஒரே எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது. நாளுக்கு நாற்பது ஐம்பது செய்தி வரும். அவளுடையதோ பழைய போன். நிரம்பிவிட்டால் புதிதாக எதுவும் உள்ளே வராது. அதனால் காலையில் தண்டையார்பேட்டையில் பஸ் ஏறியதுமே எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் அழித்துவிடுவாள். படிப்பதில்லை. அதைப் படிக்க உட்கார்ந்தால் பாடத்தை எப்போது படிப்பது?

பாடம் என்பது அரசுக் கணினி அலுவலர் தேர்வுக்கானது. இரண்டு வருடமாகப் படித்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டு நெட்வொர்க், மையத்தில் மின்சாரம் போனால் டேட்டாபேஸ், வீட்டில் சோறு கொதிக்கும் நேரத்தில் தமிழ்த் தகுதித் தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளை நூலகத்தில் மதியும் சேர்ந்துகொள்வாள். மதி வியாசர்பாடிக்காரி. கண்டெய்னர் கிடங்கு ஒன்றில் லாரி எண்களைக் கணினியில் ஏற்றுகிறவள், அவளும் ஒப்பந்தம்தான். இந்தத் தேர்வுக்கு அறிவிப்பு வருவதே ஆறேழு வருடத்துக்கு ஒரு முறை. மெஹ்னாஸுக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது. அடுத்த அறிவிப்பு வரும்போது வயது வரம்பு அவளை உள்ளே விடாது. அம்மா காத்தூன் பீவி, பெண் பரீட்சை எழுதியிருக்கிறாள் என்று சொல்லி, வந்த இரண்டு சம்பந்தங்களை நிறுத்தி வைத்திருந்தாள்.

விடைக்குறிப்பு வந்த அன்று இருவரும் நூலகத்தில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். மெஹ்னாஸுக்கு மதியைவிட நாலு கூடுதல். ஆனால் பிப்ரவரியில் பட்டியல் வந்தபோது இருவருடைய எண்ணும் அதில் இல்லை. மெஹ்னாஸ் மையத்தின் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து தேர்வு வாரியத்தின் இணையதளத்தை அவள் திறக்கவேயில்லை.

மே முதல் வாரத்தில் ஒரு மதியம் மதி மையத்துக்கே தேடி வந்தாள். புதுத் துப்பட்டா, கையில் ஒரு பெட்டி மைசூர்பாகு. வரிசையில் நின்றவர்கள் கத்துவதைப் பொருட்படுத்தாமல் கவுன்டர் ஓரமாக வந்து குனிந்தாள்.

"இன்னா மெஹ்னாஸ், சர்ட்டிபிகேட்டெல்லாம் ஏத்திட்டியா? நானு போன வாரமே முடிச்சிட்டேன்."

"எத ஏத்தணும்?"

மதி சிரித்தாள். மெஹ்னாஸ் மறைக்கிறாள் என்றே அவள் நினைத்தாள். பரீட்சை எழுதுகிறவர்கள் ஆர்டர் கைக்கு வரும்வரை வாயைத் திறப்பதில்லை, கண் பட்டுவிடும். பிறகுதான் மெஹ்னாஸின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள்.

"பர்ஸ்ட்டு லிஸ்ட்டுல நெறைய பேரு வரல. அதான் செகண்டு லிஸ்ட்டு வுட்டாங்க. மெசேஜ் வர்ல? எனக்கே வந்துகீது, உனக்கு நாலு மார்க்கு ஜாஸ்தி, வராம எங்க பூடும்? யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிகினாங்க. நீயும் அப்டித்தான் கம்முனு கீறன்னு நெனச்சேன்."

மெஹ்னாஸ் கவுன்டர் கணினியிலேயே தன் கணக்கைத் திறந்தாள். கூடுதல் பட்டியல். அவளுடைய பதிவெண். சான்றிதழ்களைப் பத்து நாளுக்குள் பதிவேற்ற வேண்டும் என்ற குறிப்பு. அதற்குக் கீழே பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. நேற்று மாலை ஐந்தே முக்காலோடு முடிந்திருந்தது. மதி மைசூர்பாகுப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். நேற்றாவது வந்திருக்கலாம் என்று இருவருமே நினைத்தார்கள்.

மறுநாள் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு மெஹ்னாஸ் வாரியத்தின் அலுவலகத்துக்குப் போனாள். சான்றிதழ்களையெல்லாம் பிளாஸ்டிக் உறையில் வரிசையாக அடுக்கி எடுத்துப் போயிருந்தாள். செய்தி வந்தே சேரவில்லை என்றால் தப்பு அவர்களுடையதுதானே, ஒரு மணி நேரம் திறந்துவிடமாட்டார்களா என்பதுதான் இரவெல்லாம் அவள் பிடித்துக்கொண்டிருந்த நம்பிக்கை. காலை பத்து மணிக்குப் போனவளை மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள்.

மேசையிலிருந்த ஊழியர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார், உட்காரச் சொன்னார், பதிவெண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினார். திரையில் இருந்த மாதிரி அட்டவணையை எப்படி அமைப்பது என்று தேர்வில் கேட்டிருந்தால் மெஹ்னாஸ் எழுதியே காட்டியிருப்பாள். அவளுடைய எண், தேதி, நேரம், கடைசிக் கட்டத்தில் 'சென்றடைந்தது'. காலை எட்டு ஐந்து. அந்நேரத்துக்குத்தான் அவள் தண்டையார்பேட்டையில் பஸ் ஏறியிருப்பாள். அவள் கட்டைவிரல் என்ன செய்துகொண்டிருக்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"நம்பர் உங்களுதுதானே மேடம்?"

"நம்பர் என்னுதுதான் சார். அதுல வர்றதெல்லாம் மத்தவங்களுது."

அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கிச் சொன்னாள்: விரல் பதியாதவர்கள், போன் இல்லாதவர்கள், நிவாரணம், வரிசை. சொல்லச் சொல்ல அது தன் மேல் தானே எழுதிக்கொள்ளும் குற்றப்பத்திரிகையாகிக்கொண்டிருந்தது. வேறு ஆட்களுக்குச் சொந்த எண்ணைக் கொடுப்பது விதிப்படி தவறு, அதை வெளியில் சொன்னால் இருக்கிற வேலைக்கும் ஆபத்து என்று அவர் தாழ்ந்த குரலில் எச்சரித்தார். அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் அவளைக் கூடுதலாக உடைத்தது.

"சிஸ்டம் க்ளோஸ் ஆயிடுச்சு மேடம். உங்க எடத்துக்கு அடுத்த ஆளுக்கு இன்னிக்குக் காலைலயே மெசேஜ் போயிடுச்சு. வேணும்னா ஒரு மனு குடுத்துட்டுப் போங்க."

மனு எழுதிக் கொடுத்தாள். பதில் எங்கே வரும் என்று கேட்டாள். இதே எண்ணுக்குத்தான் என்றார்.

பாரிமுனையில் எண்ணூர் பஸ்ஸுக்கு நின்றபோது போன் அதிர்ந்தது. மனு பெறப்பட்டது, விதிகளில் இடமில்லாததால் முடித்துவைக்கப்படுகிறது என்று ஒரு செய்தி. அலுவலகத்தை விட்டு வந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அவள் அதை இரண்டாம் தடவை படிப்பதற்குள் மேலே மேலே வேறு செய்திகள் விழுந்தன. பஸ் வந்தது, கூட்டம் முண்டியடித்து ஏறியது, அவள் ஏறவில்லை. நடைமேடை ஓரத்தில் நின்று, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, ஒவ்வொன்றையும் திறந்து கடைசி வரி வரை படித்தாள். தடைக்கால நிவாரணம், இருபத்துமூன்று விண்ணப்பங்கள். இருபத்துமூன்றும் ஏற்கப்பட்டிருந்தன.