வீங்கிய தரையும் ஓர் அலுமாரியும்

1

இந்தக் கதை ஒரு வீக்கத்தில் தொடங்கியது. காத்தான்குடியில் ஒரு வீடு. அதன் நடு அறையில் லெமினேட் பலகைத் தரை ஆங்காங்கே உப்பியிருந்தது. கூரை ஒழுகவில்லை. அடியில் குழாயும் இல்லை. வீட்டுக்காரி நிஸ்மியாவுக்குக் காரணம் பிடிபடவில்லை. எனக்கும்தான்.

முதலில் இப்படி எழுதினேன்: வாவியிலிருந்து வீசிய ஈரக்காற்று அந்தத் தரையை

(விட்டுவிட்டேன். காற்றென்றால் தரை முழுவதும் உப்ப வேண்டும். இங்கே வீக்கங்கள் நடப்பவர் எடுத்து வைக்கும் ஒரு கவடு இடைவெளியில் வரிசையாக நின்றன.)

2

(பலகையைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. மேலே தெரிவது மரத்தின் படம். அதில் தண்ணீர் இறங்காது. உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள். பொருத்து வழியே சொட்டுச் சொட்டாக இறங்கினால் தூள் அதைக் குடித்து உப்பும். காய்ந்தாலும் பழைய உருவுக்குத் திரும்பாது.)

தன் மாமனார் பதியுதீனின் முழங்காலைச் சீமெந்துக் குளிர் தாக்கக் கூடாதென்று, போன லீவில் நிஸ்மியாவின் கணவன் இர்ஷாத் தானே பதித்த தரை அது. கட்டாரிலிருந்து போனில் கேட்டான்:

"நோன்புக்கு வீடு கழுவுறண்டு வாளியோட ஊத்தினியா?"

"எனக்கென்ன விசரா? ஈரத்துணியாலதான் துடைச்சன்."

3

விடையை வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். ஆனால் நிஸ்மியாவின் வாப்பா பதியுதீனுக்குத்தான் அது தெரிய முடியும். சுஜூதில் நெற்றி தரையைத் தொடும்போது கண்ணும் தரையோடு தரையாக இருக்குமல்லவா? அசர் தொழுதவர் மெல்ல எழுந்தார்.

"மகள், இது எண்ட கால்தான். தொழ முந்தி வுழூச் செய்து, கைகால் கழுவி, குழாயடியிலிருந்து நான் வாற வழியப் பாரு."

"அப்ப காலத் துடைச்சிட்டு வாங்களன், வாப்பா."

"வுழூத் தண்ணியத் துடைக்கிறதா? அது தானாக் காயணும் புள்ள. இனி நான் விறாந்தையில தொழுறன்."

"அங்க வெறும் சீமெந்து. குந்தினா ஆரு உங்களத் தூக்குற?"

"நீதான். தின்ற கொத்துரொட்டிக்கு ஒரு வேலை வேணாமா?"

நிஸ்மியா சிரிக்கவில்லை.

4

முடிவு ஒன்று: அவர் விறாந்தைக்குப் போகிறார். எழ முடியாமல் தூணைப் பிடித்தபடி

(இதை முடிக்க எனக்கு மனமில்லை.)

முடிவு இரண்டு: மகள் துவாயை நீட்டுகிறாள், அவர் வாங்கித் துடைக்கிறார். எழுதுவதற்கு இலகு. ஆனால் அப்படித் துடைப்பவர் நீங்கள் இப்போது பார்த்த பதியுதீன் அல்ல.

ஆகவே அவர்கள் எப்படிச் சமாதானமானார்கள் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் வழியை மட்டும் சொல்கிறேன். குழாயடிக்குப் போகும் வாசலை ஒட்டி ஓர் அலுமாரி நிற்கிறது. அதை, அவர் இதுவரை தொழுத மூலைக்கு நகர்த்த வேண்டும். வாசல் பக்கத்துச் சுவரோரப் பட்டியைக் கழற்றி, அந்தப் பக்கத்திலிருந்தே பலகைகளை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். நடுவிலிருந்து ஒன்றையும் பிடுங்க முடியாது. முன்பு அலுமாரிக்கடியில் நனையாமல் கிடந்த பலகைகளை வீங்கியவற்றின் இடத்தில் பூட்ட வேண்டும். வாசலோரம் சீமெந்து வெறுமையாகும். அதன்மேல் தடித்த இறப்பர் விரிப்பு, அதற்கு மேல் தொழுகைப் பாயான முஸல்லா. சீமெந்துக்குத் தண்ணீர் பொருட்டில்லை, முழங்காலுக்குக் குளிரும் இல்லை. வாப்பா காலைத் துடைக்காமல் வந்து அங்கே தொழலாம்.