பைரோஜின் இடது கால்

பைரோஜுக்குக் காட்சிச் சண்டை என்றாலே ஆகாது. கையுறையைக் கழற்றி வருடக்கணக்கான பழைய சண்டைக்காரர்கள் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு மேடையேறி, ஆளையாள் தடவிக்கொடுத்துவிட்டு இறங்குவார்கள். கடைசியில் நடுவர் இரண்டு பேரின் கையையும் தூக்கிவிடுவார். வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. இந்தச் சீருக்கு மேடை எதற்கு, வீட்டிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கலாமே என்பார்.

அப்படிப்பட்ட மனிதர்தான் அந்தச் சித்திரையில், கனடாவின் ஸ்காபரோ மண்டபம் ஒன்றில் நடக்கவிருந்த தாய்லாந்துக்காரர்களின் வருடப்பிறப்பு விழாவில் சண்டைபோடச் சம்மதித்தார். எதிரே நிற்கப்போவது சம்ரான் என்று கேள்விப்பட்டதுதான் காரணம்.

பாங்கொக்கில், காலாலும் உதைக்கும் தாய்லாந்துக் குத்துச்சண்டை ஆடிய காலத்தில், பைரோஜின் பெயரே இடது காலில்தான் இருந்தது. அந்தக் கால் கன்னத்தில் விழுந்தால் எவரும் எழும்பமாட்டார்கள். சம்ரான் ஒருவர்மீது மட்டும் அது ஒருநாளும் பட்டதில்லை. மோதிய ஒவ்வொரு தடவையும் சம்ரானே வென்றார். வென்றதோடு விட்டாரா? "பைரோஜின் இடது காலா? வெயிலுக்கு நல்ல காற்று வந்தது" என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். ஊரே சிரித்தது. கனடாவுக்கு வந்து, உணவகத்துக் குசினியில் இறைச்சி வெட்டத் தொடங்கிய பிறகும் அந்தச் சிரிப்பு பைரோஜின் காதைவிட்டுப் போகவில்லை.

அந்தக் குசினியில் அவருக்குக் கூட்டாளி தியாகலிங்கம். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரனை நம்பி இரண்டு வருடம் பாங்கொக்கில் கிடந்தவர். சந்தையில் மீன் வாங்கி வாங்கி மொழி பிடித்தவர். இருவரும் பேசிக்கொள்வதற்குத் தாய்லாந்து மொழி என்று பெயர். அந்த நாட்டார் கேட்டால் அழுதுவிடுவார்கள். ஆகவே இங்கே அது தமிழிலேயே இருக்கட்டும்.

"அண்ணை, உது விளையாட்டுச் சண்டையெல்லோ. உண்மையா அடிச்சால் சனம் காறித்துப்பும்" என்றார் தியாகலிங்கம்.

"அடிக்கமாட்டன். ஒருக்கால் சம்ரான்ரை கன்னத்திலை என்ரை கால் தொட்டால் காணும். காத்துத்தானோ எண்டு கேட்டுப்போட்டு இறங்கி வந்திடுவன்."

இரண்டு மாதமாகப் பைரோஜ், தன் அப்பார்ட்மென்ட்டின் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில், தூணில் மெத்தைத் துண்டைக் கட்டிவைத்து உதைத்தார். இடது கால் இன்னும் சொன்னபடி கேட்டது. தூணோடு நிற்கும்போது அவருக்கு வயது தெரியவில்லை.

விழா நாள் தமிழருக்கும் வருடப்பிறப்பு. "வருசமும் அதுவுமா அடிபாடு பாக்கப் போறியளோ?" என்று மனைவி புனிதவதி வைததைக் காதில் விழுத்தாமல், பைரோஜுக்கு உதவியாளாக, தோளில் துவாயோடு மண்டபத்துக்கு வந்துசேர்ந்தார் தியாகலிங்கம்.

சம்ரான் மொன்றியலிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். வழக்கப்படி இருவரும் உடைமாற்றும் அறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். காட்சிச் சண்டைக்கு முன்னால், உடம்பில் எது பழுது என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிவிடவேண்டும். சொன்ன இடத்தில் மற்றவர் அடிக்கமாட்டார். அதில் ஒளிவுமறைவு கூடாது. பைரோஜ் வலது தோளையும் ஒரு விலா எலும்பையும் சொன்னார்.

"எனக்கு ஒண்டுமில்லை, தம்பி. எங்கை எண்டாலும் அடி. இடது காலைக் கட்டாயம் கொண்டு வா" என்றார் சம்ரான்.

இன்னும் கொழுப்பு அடங்கவில்லை என்று பைரோஜ் பல்லைக் கடித்தார்.

கசெற்றில் குழலும் மேளமும் ஒலிக்க, இருவரும் குருவணக்க ஆட்டம் ஆடினார்கள். கீழே காகிதத் தட்டுகளில் நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த சனம் எல்லாவற்றுக்கும் கைதட்டியது. அந்த நாளில் ஒவ்வோர் அடிக்கும் கூரை அதிரக் கத்திய கூட்டத்தை நினைத்தபோது, பைரோஜுக்கு நெஞ்சு ஏங்கியது. அந்தச் சத்தத்தை இன்னும் ஒருமுறை கேட்டுவிட்டுச் செத்தாலும் சரி என்று இருந்தது.

முதற் சுற்று செல்லமாகப் போனது. இரண்டாவதில் சம்ரானின் வலது கை தாழ்ந்தது. பைரோஜ் காத்திருந்த இடைவெளி அதுதான். இடது கால் தானாகவே எழுந்து, வீச்சோடு கன்னத்தை நோக்கிப் போனது.

சம்ரானின் கை தடுக்க வரவில்லை. தலை விலகவில்லை. வலது கண் சிமிட்டக்கூட இல்லை. கால் வருவது அந்தக் கண்ணுக்குத் தெரியவே இல்லை என்று பைரோஜுக்கு விளங்கியது.

கன்னத்துக்கு ஒரு சாண் இப்பால் கால் நின்றது. தொட்டிருக்கலாம். இத்தனை வருட ஏக்கமும் அந்த ஒரு சாணில்தான் இருந்தது. ஆனால் பார்வையில்லாத பக்கத்தில் தொட்டு என்ன பெருமை? காலை இறக்கினார். சனம் இதற்கும் கைதட்டியது. பிறகு மணி அடிக்கும்வரை சம்ரானின் மற்றப் பக்கத்தில் நின்றே விளையாடினார். நடுவர் இருவர் கையையும் தூக்கினார்.

உடைமாற்றும் அறையில் சம்ரான் ஆறுதலாகத் தண்ணீர் குடித்தார்.

"எல்லாம் சரி, தம்பி. உன்ரை இடது காலைக் காணேல்லையே? அதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தனான்."

நடந்ததைச் சொல்லத் தியாகலிங்கம் வாயைத் திறந்தார். பைரோஜ் முந்திக்கொண்டார்.

"அது இப்ப எழும்பிறேல்லை, அண்ணை. முழங்கால் பழுதாப் போச்சு."

"அதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?" சம்ரானுக்குக் கோபம் வந்துவிட்டது. "மறைக்கக் கூடாதெண்டு தெரியாதே உனக்கு?"

"வெக்கமாக் கிடந்தது."

சம்ரானின் முகம் வாடிப்போனது. சட்டென்று கீழே குந்தி, பைரோஜின் இடது முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"இந்தக் காலுக்கு நான் எவ்வளவு பயந்தனான் தெரியுமே? சண்டைக்கு முதல்நாள் எனக்கு நித்திரையே வராது. பேப்பர்க்காரருக்குச் சொன்னதெல்லாம் பயத்திலை சொன்னது."

பைரோஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. சம்ரான் முழங்காலை மெதுவாக நீவத் தொடங்கினார். ஒரு பழுதுமில்லாத அந்தக் காலை நீட்டிக் கொடுத்தபடி, வலிக்கிறவர்போல பைரோஜ் முகத்தைச் சுளித்தார்.