நுரைக்கு ஆகாத நொதி

பூஞ்சைகளின் ஆட்சி அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிவுக்கு வரும் என்று பீரங்கி அறிவித்தான். ஆய்வகத்தில் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை.

"பூஞ்சையோட கோட்டைச் சுவர் கைட்டின். சர்க்கரை சர்க்கரையாக் கோத்து அதை நீட்டிக்கிட்டே போற கொத்தனார் ஒரு நொதி. அந்தச் சுவரு நம்ம உடம்புல கிடையாது. இந்தப் புது மருந்தால கொத்தனார் கையைக் கட்டுங்க, பூஞ்சை காலி. நமக்குக் கீறல்கூட விழாது."

கேட்டுக்கொண்டிருந்த, ஆய்வகத்தில் அவனுக்கு மூத்தவளான அக்காவுக்கு இது தெரியும். அந்த நொதியைப் பூஞ்சையின் சவ்விலிருந்து படாதபாடு பட்டுப் பிரித்தெடுத்தவளே அவள்தான். சோப்புக் கலந்த நீரில் மிதந்தபடி இரண்டே சிமிழ் நொதி தேறியிருந்தது. இந்தச் சோதனையும் சொதப்பினால் அவள் வேலையை மூட்டை கட்டிவிடுவதாகத் துறைத்தலைவர் சொல்லியிருந்தார்.

அக்கா நொதியைத் தொடும்போதெல்லாம் "மெதுவா வா கண்ணு" என்று கொஞ்சுவாள்.

"அக்கா, அதுக்குக் காது கிடையாது. அடுத்து இடுப்புல தூக்கி வெச்சுக்குவீங்களா?"

"வாயை மூடிட்டு ஊத்துடா. நுரை வந்தா செத்துடும்."

பீரங்கி பிப்பெட்டைக் கட்டைவிரலால் ஒரே அழுத்து அழுத்தினான். நொதி நுரை தள்ளிக்கொண்டு, சர்க்கரையும் சாயமும் போட்டிருந்த சோதனைத் தட்டின் குழிகளில் விழுந்தது. ஒரு குழியில் மருந்து, மற்றதில் இல்லை. கைட்டின் உருவானால் சாயம் ஒட்டி நீலமாக ஒளிரும். விளக்கின் கீழ் மருந்துக் குழி கும்மிருட்டு.

"முடிஞ்சது பூஞ்சையோட கதை," என்றான்.

"பக்கத்துக் குழியைப் பாரு. அதுல மருந்தே இல்லையே."

அதுவும் இருட்டு.

"மருந்து எட்ட இருந்தே வேலை செய்யுதோ என்னவோ."

"நீ தீர்த்துக்கட்டுனது என் நொதியை."

அக்கா கடைசிச் சிமிழை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நீயே ஊத்து. எனக்குக் கை நடுங்குது."

"பயமா அக்கா?"

"கோவம்டா."

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, புதுக் குழிகளின் சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக இறக்கினான். ஒரு குமிழிகூட இல்லை. காத்திருந்து விளக்கைப் போட்டார்கள். மருந்தில்லாத குழி பளிச்சென்று நீலம். மருந்துக் குழி இருட்டு.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாள். நீலம் போகவில்லை.

"இன்னொரு தடவை இப்படி வந்தாதான் தலைவர் நம்புவாரு," என்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் மருந்தெடுக்கப் போனாள்.

சிமிழின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. பீரங்கி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டான். பிறகு குனிந்தான்.

"வா கண்ணு," என்றான், சிமிழுக்கு மட்டும் கேட்கும்படி. "மெதுவா."