சிதம்பரத்தை மூன்றாவது ரயிலில் ஏற்றிய கதை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் சொல்லாமலே முடித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். போன மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை காலை, சிங்கப்பூரில், விமான நிலையத்துக்குக் கிளைப் பாதை பிரிகிற எம்ஆர்டி ரயில் நிலையத்தில், ஒருவர் என்னிடம் தமிழில் உதவி கேட்டார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

நான் தமிழில் கதை எழுதுகிறவள். இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. இரண்டாவதற்குப் பரிசு கிடைத்தது. அதில் பாதிக் கதைகள் ஊரிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளர்களைப் பற்றியவை. (இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கலாம். காத்திருக்கிறேன்.)

கதையை முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

"காலை எட்டேகால். நெரிசலில் டேனியல் கையை நீட்டி அந்தத் தொழிலாளியை மறித்தார். தொழிலாளி தமிழில் ஏதோ கெஞ்சினான். டேனியலுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மனிதர்களுக்கு நடுவே ஒரு மொழி..."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. டேனியல் என்று யாரும் அங்கே இல்லை, அது ஒன்றுதான் குறை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் அடுத்தவர் தட்டுச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

அடுத்த முறை டேனியலை எடுத்துவிட்டு ரமணன் என்று ஒரு பையனைப் போட்டேன். வயது இருபத்து நான்கு, வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம், மேலதிகாரி என்றால் பயம். ரமணனை வாசகர் மன்னித்துவிடுவார். அதற்காகத்தான் அவனைப் படைத்தேன் என்று எனக்கே தெரிந்த பிறகு அவனையும் அடித்து நீக்கினேன். ஆள் நான்தான். பெயர் பாக்கியலட்சுமி, வயது நாற்பத்தாறு, புக்கிட் பாத்தோக்கில் வீடு. எனக்கு எந்த மேலதிகாரியிடமும் பயமில்லை.

2

இந்தப் பகுதி கொஞ்சம் கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், இது தெரியாமல் மற்றது புரியாது.

ஒரு போக்குவரத்து ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். (நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கதைக்காகச் சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். வெட்கத்தை மட்டும் மாற்றவில்லை.) அந்தக் கிளைப் பாதையில் இரண்டு வகை மனிதர்கள் ஏறுகிறார்கள். பெட்டியோடு விமானம் ஏறப் போகிறவர்கள் ஒரு வகை. விமான நிலையத்திலும் வழியிலுள்ள அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்கள் இன்னொரு வகை. காலை நேரத்தில் கதவருகே ஒரு பெரிய பெட்டி நின்றால் நான்கு பேர் வெளியே நிற்க வேண்டியதுதான். இரண்டு வகையாரையும் எப்படிச் சமன்செய்வது என்று கண்டுபிடிக்கும் வேலையை எங்களிடம் கொடுத்திருந்தார்கள்.

விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்யும் பஞ்சவர்ணம் என்ற அம்மாவை அப்போது பேட்டி கண்டேன். "லேட்டா போனா சூப்பர்வைசர் நம்மளத்தான் ஏசுவாரு. டூரிஸ்ட்டு பெட்டிய வச்சுக்கிட்டு வழிய மறிச்சுட்டாருன்னு சொன்னா நம்புவாரா லா?" என்றார். அந்த அம்மாவை நினைத்துத்தான் விதியை எழுதினேன். எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை, பெரிய பெட்டியோடு வருகிறவர்கள் இரண்டு ரயில்களை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏற வேண்டும். இரண்டு வாரச் சோதனை. விமானப் பயணி மூன்று மணி நேரம் முன்னதாகவே கிளம்புகிறவர், கால் மணி அவருக்குப் பெரிதில்லை, பஞ்சவர்ணத்துக்குப் பெரிது. இன்றைக்கும் இந்த வாதத்தில் எனக்கு ஓட்டை தெரியவில்லை.

சோதனை நாட்களில் நாங்களே நடைமேடையில் நின்றோம், கையில் இருந்த டேப்லட்டில் இரண்டு கட்டங்கள். விமானப் பயணி. வேலைக்குப் போகிறவர். பெட்டி இருந்தால் முதல் கட்டத்தைத் தொட வேண்டும். இன்னொரு வகை மனிதர் வருவார் என்று யாருக்கும் தோன்றவில்லை. யாருக்கும் என்று எழுதுகிறேன், பாருங்கள். எனக்குத் தோன்றவில்லை.

3

அவர் எட்டு பன்னிரண்டுக்கு நகரும் படியிலிருந்து இறங்கினார். சட்டை முழுக்க வேர்வை. கையில் பெரிய நீலப் பெட்டி, வாய் திறந்துவிடாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ரயில் நின்றுகொண்டிருந்தது. ஓடினார். நான் குறுக்கே நின்றேன்.

"நெக்ஸ்ட் நெக்ஸ்ட் டிரெய்ன், ப்ளீஸ்," என்றேன்.

அவர் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். பாக்கியலட்சுமி என்ற பெயரை வைத்துக்கொண்டு வேறு யாராக நடிக்க முடியும்?

"மேடம், நீங்க தமிழ்தானே? நான் ஊருக்குப் போகல மேடம். இது என் கூட்டாளி பெட்டி. அவன் அப்பா தவறிட்டாரு. சைட்லேர்ந்து நேரா ஏர்போர்ட் போயிட்டான். பாஸ்போர்ட்டு இதுக்குள்ள இருக்கு மேடம். எட்டு நாப்பதுக்குக் கவுண்டர் மூடிருவாங்க."

என் பக்கத்தில் மேலாளரும், சோதனையைப் பார்க்க வந்திருந்த இரண்டு பேரும் நின்றார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "வாட் இஸ் ஹீ சேயிங்?" என்று கேட்டார்.

நான் தோளைக் குலுக்கினேன்.

(இந்தத் தோள் குலுக்கலை ஐந்து தடவை அடித்து ஐந்து தடவை மறுபடி எழுதியிருக்கிறேன். ஒரு வரைவில் "என்ன செய்வதென்று அறியாமல் விழித்தேன்" என்று இருந்தது. விழிக்கவில்லை. தோளைத்தான் குலுக்கினேன்.)

ஏன் என்று கேட்பீர்கள். அந்த மூன்று பேர் முன்னால் நானும் அவரும் ஒரே ஆட்கள் ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன். என் கொள்ளுத்தாத்தா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அதைப் பரிசளிப்பு விழாவில் மேடையேறிச் சொன்னவள் நான். கைதட்டல் வாங்கினேன். நடைமேடையில் மட்டும் என்னவோ வாய் வரவில்லை.

முதல் ரயில் போயிற்று. அவர் மறுபடி ஆரம்பித்தார். நான் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். டேப்லட்டில் "விமானப் பயணி" என்ற கட்டத்தைத் தொட்டேன். இரண்டாவது ரயிலும் போயிற்று. அதற்குள் அவர் பேசுவதை நிறுத்தியிருந்தார். கைப்பேசியில் யாரிடமோ, "வந்துட்டேன்டா, வந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடைமேடையின் அந்தக் கோடியில் நின்ற ஷமீமா அப்போதுதான் வந்தாள். என்னோடு வேலை பார்க்கிறவள், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவரிடம் தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், பதிலைக் கேட்டாள். மூன்றாவது ரயில் வந்ததும் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்து உள்ளே தள்ளினாள். அப்போது மணி எட்டு இருபத்தெட்டு.

4

அடிக்குறிப்பாக வர வேண்டியது, தனிப் பகுதியாகிவிட்டது. அவர் பெயர் சிதம்பரம். அந்த ஓரிரு நிமிடத்திலும் பிறகு கைப்பேசியிலும் அவர் சொன்னதையெல்லாம் ஷமீமா என்னிடம் சொன்னாள்.

காலை ஆறு மணிக்குக் கிழக்கே வேலைத்தளத்தில் இருந்த கூட்டாளி இளமாறனுக்கு அப்பா தவறிய செய்தி வந்தது. அவர்கள் தங்கும் விடுதி தீவின் மேற்குக் கோடியில். போய்த் திரும்ப நேரமில்லை. இரவு வேலை முடித்துப் படுத்திருந்த சிதம்பரம் எழுந்து, இளமாறனின் அலமாரிப் பூட்டை உடைத்து பாஸ்போர்ட்டை எடுத்தார். வெறும் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடிவந்திருக்கலாம். ஆனால் அறையிலிருந்து ஒருவன் ஊருக்குப் போகிறான் என்றால் வெறும் பெட்டியை அனுப்புகிற பழக்கம் அங்கே கிடையாது. ஒருவர் பால்மாவு கொண்டுவந்தார். ஒருவர் தைலம், ஒருவர் சோப்பு. சாவு வீட்டுக்குப் போகிறவன் என்று எல்லோருக்கும் தெரியும், தயங்கித் தயங்கித்தான் வைத்தார்கள். சிதம்பரமும் ஊரில் இருக்கும் மகளுக்கு வாங்கி வைத்திருந்த பள்ளிக்கூட ஷூவை வைத்தார்.

"எல்லாம் என்னாலதான்க்கா," என்று ஷமீமாவிடம் அழுதிருக்கிறார். "ஷூ வைக்கணும்னு ஆசப்பட்டேன். பெட்டி இல்லாம வந்திருந்தா விட்டிருப்பாங்கல்ல."

விட்டிருப்போம். அது உண்மை. இன்னொன்றும் உண்மை. "பாஸ்போர்ட்ட மட்டும் எடுத்துக்கிட்டு ஓடுங்க, பெட்டிய நான் பாத்துக்கிறேன்" என்று நான் சொல்லியிருந்தால் போதும். விதியை மீற வேண்டியதுகூட இல்லை. ஒரு வாக்கியம். எனக்கு ஒரு வாக்கியம் எழுத வராதா?

5

சோதனை வெற்றி. வேலைக்குப் போகிறவர்கள் காத்திருக்கும் நேரம் குறைந்தது. அறிக்கையை நான்தான் எழுதினேன். "விமானப் பயணிகள் நல்ல ஒத்துழைப்பு வழங்கினர்" என்று ஒரு வரி அதில் உண்டு. சிதம்பரமும் அந்த வரிக்குள் இருக்கிறார்.

அதன் பிறகுதான் டேனியல் கதையை எழுதினேன். லிட்டில் இந்தியாவில் ஓர் உணவகத்தின் மாடியில் மாதாமாதம் கூடுகிற வாசகர் வட்டத்தில் படித்தேன். ஒருவர் கண்ணைத் துடைத்தார். ஒருவர், "இந்த டேனியல் மாதிரி ஆளுங்கதான் இங்க நெறைய" என்றார். நான் அடக்கமாகத் தலையசைத்தேன். கடைசி வரிசையில் ஷமீமா உட்கார்ந்திருந்தாள். நான்தான் அழைத்திருந்தேன், மறந்தே போனேன்.

கீழே இறங்கும்போது படியில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, யாரு டேனியல்?"

"கதைம்மா அது."

"அவரு இன்னும் தன் மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு, தெரியுமா? மக ஷூவுக்காகப் பண்ணிட்டேன்னு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. ரூல் எழுதினவங்க சொன்னா கேப்பாரு."

"இளமாறன் ஃப்ளைட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"அதையும் நீங்களே கேளுங்கக்கா." அங்கேயே நின்று சிதம்பரத்தின் எண்ணை என் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

6

அந்த எண் கைக்கு வந்த பிறகு நான் செய்தது என்ன தெரியுமா? முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று. இளமாறன் கண்ணாடிக் கதவருகே நிற்கிறார். எட்டு முப்பத்தெட்டு. சிதம்பரம் பெட்டியை இழுத்துக்கொண்டு... (நிறுத்திவிட்டேன். இளமாறன் விமானத்தைப் பிடித்துவிட்டால் முதலில் தப்பிக்கிறவள் நான்தான்.)

முடிவு இரண்டு. கவுண்டர் மூடிவிட்டது. ஊரில் மகன் வராமலே எடுத்துவிடுகிறார்கள். இளமாறன் கைப்பேசித் திரையில்... (இதையும் நிறுத்தினேன். இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் மனம் லேசாகிவிட்டது. அப்படி லேசாக எனக்கு உரிமை இல்லை.)

முடிவு மூன்று. பாக்கியலட்சுமி சிதம்பரத்தைத் தேடிப் போய்

இதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது? போக வேண்டியதுதானே?

7

நேற்று மாலை அழைத்தேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருந்தேன், பேச்சுத் தமிழில், பிசிறில்லாமல்: "அன்னைக்கு ஸ்டேஷன்ல உங்கள நிப்பாட்டினது நான்தான். நீங்க பேசினது எனக்குப் புரிஞ்சுது. தப்பு உங்க மேல இல்ல. ஷூ மேலயும் இல்ல."

மூன்றாவது மணியில் எடுத்தார்.

"அலோ?"

தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

"அலோ, யாருங்க?" பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஓரமாக நகர்ந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது. "சொல்லுங்க. தமிழா?"

தாள் என் கையில்தான் இருந்தது.

"சாரி, ராங் நம்பர்," என்றேன்.

"ஓகே மேடம். சாரி மேடம்," என்றார் சிதம்பரம். என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தார்.

ஆகவே இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. நீங்கள்தான் எழுத வேண்டும். இளமாறன் விமானத்தைப் பிடித்தாரா என்பதைப் பற்றி எழுத வேண்டாம், அது அவர்கள் குடும்பத்து விஷயம். சிதம்பரத்தை அழைத்து, உங்கள் மேல் தப்பில்லை என்று அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லும் ஒருத்தியை எழுதுங்கள். அவள் எப்படிப்பட்டவளாக வேண்டுமானாலும் இருக்கட்டும். என் பெயரை மட்டும் அவளுக்கு வைத்துவிடாதீர்கள். படிக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள்.